பின் சீட்டில் நடு இடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஆபீசில் நாலாவது மாடியில் லிஃப்ட் தானாக நிற்கிறது, அங்கே ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாள் என்று ஒரு கதை ஓடியபோது, மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டியவனே நான்தான். அதனால் இதைப் படிக்கிற நீங்கள் ‘கார் சென்சார் கோளாறுப்பா’ என்றுதான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் கோளாறாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார், இருபத்தி இரண்டு வருஷமாக. நாங்கள் சந்தாபுராவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. என்னை மட்டும் பன்னிரண்டாவது வரைக்கும் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊரில் தாத்தா வீட்டில் விட்டிருந்தார்கள். தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர், ஆயா அவர் மனைவி. காலையில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நிற்பார், நான் ஓடி வந்துவிடுவேனோ என்று. அப்படிப் படித்து, காலேஜ் முடித்து, எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன் நான். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் ஆள்.

படிக்காத குடும்பத்தில் ஒருத்தன் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு, பேங்க் பேப்பர், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், மருந்துச் சீட்டு, எது வந்தாலும் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள். இங்கிலீஷில் இருந்தால் அது எனக்குப் புரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. புரியவில்லை என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. இதற்காகவா படிக்க வைத்தோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் எனக்கே அப்படிக் கேட்கும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஊரில் தாத்தாவோடு இருக்கிற மாமா, அம்மாவுடன் பிறந்தவர், ஒரு போட்டோ அனுப்பினார். தாத்தாவுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கிருஷ்ணகிரியில் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். நான் மீட்டிங்கில் இருந்தேன். மாமாவே போன் செய்தார்.

“வேலு, டாக்டரம்மா திங்கக்கெழம வந்து பாக்கச் சொல்லிச்சு. இங்க கடலக்கா புடுங்கற நேரம், ஆள் வேற இல்ல. நீ பாத்துச் சொல்லிடு கண்ணு. ஒண்ணும் இல்லன்னா இவர எதுக்கு இழுத்துக்கினு அலையணும்?”

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி வார்த்தை எனக்குத் தெரியாத வார்த்தை. ஆனால் மூன்று இடத்தில் நார்மல் என்று இருந்தது. அந்த மூன்றையும் எண்ணிவிட்டு, “எல்லாம் நார்மல்தான் மாமா, பயப்பட ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். கடைசி வரியைப் படித்தேனா என்றால், படித்தேன். புரியவில்லை. புரியாததால் அது முக்கியமில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, விஜயதசமிக்கு நாலு நாள் முன்னால், என் பக்கத்து சீட்டுப் பையன் அவன் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டபோது ஒரு வார்த்தை சொன்னான். எங்கேயோ பார்த்த வார்த்தை. அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தேன். அதே வார்த்தை. அதற்கு முன்னால் ‘ரொம்பக் கடுமையான’ என்று அர்த்தம் வருகிற ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால், உடனே இருதய டாக்டரைப் பார்க்கவும் என்று. அந்தக் கடைசிப் பாதி ஒன்றும் கஷ்டமான இங்கிலீஷ் இல்லை.

அப்போதே மாமாவுக்குப் போன் செய்து, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். போன் செய்தேன். சொன்னது வேறு. “தங்கச்சிக்கு தசரா லீவு மாமா, எல்லாரும் வரோம், திரும்பும்போது தாத்தாவையும் ஆயாவையும் பெங்களூரு கூட்டிக்கினு வந்து நாலு நாள் வெச்சிக்கிறோம்.” மாமாவுக்கு ஒரே சந்தோஷம். நான் ரகசியமாக இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். ஊர் சுற்றிக் காட்டுவது மாதிரி கூட்டிவந்து, டாக்டரிடம் காட்டி, புதிதாகக் கண்டுபிடித்தது மாதிரி சொல்லிவிடலாம் என்று திட்டம். என் மானமும் போகாது, அவரும் பிழைத்துக்கொள்வார்.

அடுத்த நாளே கிளம்பலாம் என்றால் அப்பா வரமாட்டேன் என்றார். “ஆயுத பூஜைக்கு என் மெஷினுக்கு நான்தான்டா பொட்டு வெக்கணும். இருவத்திரெண்டு வருசத்துல ஒரு வாட்டி விட்டதில்ல. அப்படி என்னா தலபோற அவசரம் உனக்கு?” அவசரம் என்னவென்று சொல்லியிருந்தால் மெஷினாவது பொட்டாவது, செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருப்பார். நான், “சும்மாதான்பா, நீங்க முடிச்சிட்டு வாங்க” என்றேன். மூன்று நாள் அப்படிப் போனது.

விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நாமே ஓட்டிக்கொள்கிற வாடகைக் கார், புதுசு. என் தங்கை சுமி ஏழாவது படிக்கிறாள், இங்கேயே பிறந்தவள், பாதி கன்னடம் பேசுவாள். வாடகைக் காருக்கும் சந்தனம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, “அண்ணா, மெல்லகே போ, நிம்பேகாய் அடியில இருக்கு” என்று கத்திக்கொண்டே வழியனுப்பிவிட்டு ஓடிவந்து ஏறினாள். அப்பா முன்னால். பின்னால் அப்பாவுக்கு நேர் பின்புறம் அம்மா, எனக்குப் பின்னால் சுமி. நடுவில் முறுக்கு டப்பாவும், கம்பெனியில் பூஜைக்குக் கொடுத்த ஸ்வீட் பாக்ஸும் இருந்த ஒரு துணிப்பை.

அத்திபெலே டோல், ஓசூர் எல்லாம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அப்பா பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு, “என்னா, ராக்கெட்டா வுடப் போற? மாட்டக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்க” என்றார். “கழட்டினா போலீஸ் புடிப்பாங்கப்பா, அப்புறம் நெஜமாவே கட்டி வெப்பாங்க” என்றாள் சுமி. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சூளகிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. எதிரே திரையில் ஐந்து சீட்டின் படம், அதில் பின் சீட்டு நடுவில் இருப்பது மட்டும் சிவப்பு. அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

“பை கனமா இருக்கும், கீழ வைங்க” என்றேன். சுமி எடுத்துக் காலடியில் வைத்தாள். கத்தல் நிற்கவில்லை.

“வெச்சிட்டேண்ணா. காலிதான்.”

“கையூன்றி இருக்கியா?”

“ரெண்டு கையும் மேல தூக்கியிருக்கேன், பாரு. தேவ்ரே, காருக்கு யாரோ ஒக்காந்திருக்காங்கன்னு தோணுது போல.”

“வாய மூடு கழுத, நல்ல நாளும் அதுவுமா” என்று அம்மா அதட்டிவிட்டு, நடு சீட்டு பெல்ட்டை இழுத்து ஆளில்லாத சீட்டுக்குக் குறுக்கே மாட்டிவிட்டாள். டக்கென்று ஒரு சத்தம். கத்தல் நின்றது. பெல்ட் போடப் பிடிக்காதவர்கள் எல்லாம் இப்படித்தான் சும்மா மாட்டி வைப்பார்கள், அதனால் எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. கிருஷ்ணகிரி டோலுக்கு ஒரு கால் மணி நேரம் முன்னால் இது நடந்தது. டோல் பணம் பிடித்த மெசேஜ் என் போனில் இன்னும் இருக்கிறது, எட்டு ஐம்பத்தி இரண்டு.

டோல் தாண்டி டிபனுக்கு நிறுத்தினோம். கை கழுவுகிற இடத்தில் அப்பாவைத் தனியாகப் பிடித்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக.

“அப்பா, தாத்தாவோட அந்த ரிப்போர்ட்டு...”

“அதான் நீ பாத்துட்டியே” என்றார், ஈரக் கையை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு. “உங்க மாமன் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கான், எம் மருமவன் டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டான்னு. வா வா, பொங்கல் ஆறிடும்.”

போய்ப் பொங்கல் சாப்பிட்டேன்.

அங்கிருந்து ஊத்தங்கரை ரோடு. வெயில் நன்றாக ஏறியிருந்தது, ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. ராத்திரியும் இல்லை, இருட்டும் இல்லை, இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்பா தூங்கிவிட்டார். சுமி காதில் வயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பின்னால் வருகிற லாரிக்கு வழி விடலாமா என்று கண்ணாடியைப் பார்த்தேன். அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா வண்டியில் தூங்கினால் தலை எப்போதும் ஜன்னல் பக்கம்தான் சாயும், இடித்து இடித்து நெற்றியில் சிவந்துவிடும். அன்றைக்கு நடுப்பக்கமாகச் சாய்ந்திருந்தாள். அங்கே சாய்வதற்கு ஒன்றும் கிடையாது. சீட்டின் முதுகில் சாய்ந்திருந்தாளா என்று கேட்பீர்கள், இல்லை, முதுகு சீட்டிலிருந்து விலகி இருந்தது. தலை ஒரு தோளின் உயரத்தில், ஒரு தோளின் மேல் இருப்பது மாதிரி, அந்தரத்தில் நின்றது. வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது, என் தலை ஆடியது, அப்பாவின் தலை ஆடியது, அம்மாவின் தலை மட்டும் யாரோ தாங்கிக்கொண்ட மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது. அந்த பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவேண்டியது, ஒரு ஆளுக்கு மேல் சுற்றி வந்தது போல முன்னால் தள்ளி நின்றது. அம்மாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு நிம்மதி. திருவிழாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பா மேல் சாய்ந்து தூங்குகிற சின்னப் பெண்ணின் முகம் அது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்றும். அம்மாவைக் கூப்பிட நினைத்தேன், கூப்பிட்டால் அந்தத் தலை எங்கே விழும் என்று பயமாக இருந்தது. நம்பினால் நம்புங்கள், இருபது கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன், கண்ணாடியைப் பார்க்காமல், லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனான்.

ஊத்தங்கரைக்குள் நுழைந்து, அரசு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது பின்னால் டக் என்று ஒரு சத்தம். பெல்ட் கழன்ற சத்தம். உடனே பீப் பீப். திரையில் நடு சீட்டு சிவப்பு. நான் திரும்புவதற்குள் நாலு தடவை கத்திவிட்டுத் தானாக நின்றது, சிவப்பும் போய்விட்டது. எழுந்து இறங்கிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. அம்மா திடுக்கென்று விழித்து, ஜன்னல் கண்ணாடியில் தலையை இடித்துக்கொண்டாள்.

“சுமி, பெல்ட்ட கழட்டினியா?”

“நான் ஏன் கழட்டறேன்? சும்னே என்ன சொல்லாத.”

நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியைத் தாண்டி ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே ஒருத்தரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா, ஆஸ்பத்திரிலயே எறங்கலையா நீங்க?” என்று கேட்டுவிட்டு, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்த தாத்தா அப்படியே சரிந்திருக்கிறார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகும்போதே வழியில் உயிர் போய்விட்டது. எத்தனை மணிக்கு என்று மாமாவிடம் கேட்டேன். எட்டரையிலிருந்து எட்டே முக்காலுக்குள் என்றார். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று அப்பா அழுதுகொண்டே சண்டை போட்டார். “வண்டி ஓட்டிக்கினு வர்ற புள்ளைக்கு எப்படி மச்சான் சொல்றது? கை காலு நடுங்காதா? வந்து சேரட்டும்னு இருந்தேன்” என்றார் மாமா. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், ரோட்டில் இருப்பவனுக்குச் சாவு சொல்லமாட்டார்கள். நாங்கள் அந்த கேட்டைத் தாண்டியபோது தாத்தா உள்ளே ஸ்ட்ரெச்சரில், உடலை விடுவதற்கான பேப்பருக்காகக் காத்துக் கிடந்தார். மாமாவும் ஆயாவும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் மாமா ஒரே பேச்சைப் பேசினார். “நாங்க ஒரு கொறையும் வெக்கல. ஸ்கேன் எடுத்தோம். பெங்களூர்ல இருந்து எம் மருமவன் பாத்தான், எல்லாம் நார்மலுனு சொன்னான். அப்படி இருந்தும் போயிட்டாரு பாரு.” அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள், பாவம் பையன், அவனும் பார்த்திருக்கிறான் என்று. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது அம்மா என் பக்கத்தில் வந்தாள்.

“அன்னிக்குக் கார்ல கண்ண மூடினேன் இல்ல வேலு, எங்கப்பா பக்கத்துல ஒக்காந்துக்கினு வந்தாரு. ஒரே வார்த்ததான் சொன்னாரு. பையன ஒண்ணும் கேக்காத சாந்தா, அப்படின்னாரு. எதச் சொன்னாருன்னு...”

அங்கே நிறுத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் ஒருத்தனுக்கு வாய்க்காது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவள் எழுந்து போய்விட்டாள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கம்பெனிக்காரனிடம் சத்தம் போட்டேன். அவன் ஏதோ ஒயரை மாட்டிப் பார்த்து, “ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல சார், ஒரு தண்ணி கேன் வெச்சாலே கத்தும்” என்றான். சரி, தண்ணி கேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தாத்தா ஞாபகத்தில் கனவு கண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் இதற்கு எனக்கு யாராவது பதில் சொல்லுங்கள். அம்மா அதற்குப் பிறகு என்னை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. முதல் இரண்டு மாதம் எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் அவள் முன்னைப்போலத்தான் என்னிடம் பேசுகிறாள், கோபம் எதுவும் இல்லை. சாப்பிட்டியா என்று கேட்பவள் இப்போது “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்” என்கிறாள். எப்ப வருவே என்று கேட்பவள் “கதவு தெறந்துதான் இருக்கும்” என்கிறாள். ஒரு நாள் பைக்கிலிருந்து விழுந்து முழங்கையில் கட்டோடு வந்தேன், மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து வைத்தாள், எப்படி என்று கேட்கவில்லை. வேண்டுமென்றே ஒரு ராத்திரி சொல்லாமல் நண்பன் ரூமில் தங்கிவிட்டு விடிந்து வந்தேன். “தண்ணி காஞ்சிருக்கு, குளி” என்றாள்.

எத்தனையோ தடவை நானாகச் சொல்லிவிடலாம் என்று அவள் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறேன், வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அவள் ஒரு தடவை கேட்டுவிட்டால் சொல்லிவிடுவேன். இதைத் தமிழில் எழுதுவதுகூட, எங்கள் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருத்தன்தான் என்ற தைரியத்தில்தான். சுமிக்குக் கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் எழுத்துக் கூட்ட வரும்.

போன வாரம் அம்மா கண் பரிசோதனைக்குப் போய்விட்டு ஒரு பேப்பரோடு வந்தாள். எல்லாம் இங்கிலீஷ். நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கையை நீட்டினேன் கூட. அவள் என்னைத் தாண்டிப் போய் சுமியிடம் கொடுத்தாள். சுமி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பாதி தப்பும் பாதி சரியுமாகப் படித்துக்காட்டினாள், அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் சுமி தடுக்கி, “எனக்கு இது தெரியலம்மா, அண்ணனக் கேளு” என்றாள்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது. கேட்டுவிடுவாள் என்று நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன்.

“காபி ஆறுது, குடி” என்றாள்.